குடிலின் முத்திரை விழவில்லை

என் பெயர் உர்சினா டெருங்ஸ், வயது 54, தகப்பனார் பெயர் பிளாசி. சுவிட்சர்லாந்தில் கூர் நகரம், ஆற்றங்கரைத் தெரு, பதினேழாம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். எட்டு ஆஸ்பத்திரிகளின் கணினி இணைப்பை நடத்தும் அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர். அக்டோபர் 17 அன்று இந்தப் போலீஸ் நிலையத்தின் இதே அறையில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது தப்பு. அதைத் திருத்தவே இன்று, அக்டோபர் 23 காலை, நானாக வந்திருக்கிறேன்.

மேல்பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக உடைந்து, மலைக் குடிலில் உள்ள எங்கள் கருவி வழியாக, இன்னும் இரண்டு இடம் தாண்டி கூர் வந்து சேர வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள ரகசியச் சாவியால், முந்தைய முத்திரையோடு பின்னித் தன் முத்திரையைக் குத்தும். மலையேறுகிறவர்கள் விடுதிக்கு விடுதி அட்டையில் சீல் வாங்குவது போலத்தான். இதை முதலில் பொருத்தியபோது எங்கள் களப் பணியாளர் ஜியோன் கபாவ்ல் சிரித்தார். "தாயே, ஒரு எலும்புப் படம் ஊர் போய்ச் சேர இத்தனை சீலா? என் பாஸ்போர்ட்டுலயே இவ்ளோ இல்லையே!"

செப்டம்பர் 2 அன்று மண் சரிந்து குடிலுக்குக் கீழே கேபிள் அறுந்தது. அன்று பகல் 11.40க்கு நான் கூரில் இருந்தபடியே அந்த ஆஸ்பத்திரிக் கருவிக்குக் கட்டளை கொடுத்து, படங்களை எல்லை தாண்டிப் போகும், வேறொரு கம்பெனியின் வாடகைத் தடத்தில் திருப்பிவிட்டேன். மூன்றாம் நாள் கேபிள் சரியானது. அதன் பிறகு அக்டோபரில் நோயாளிகளின் படங்கள் வெளியாரிடம் சிக்கி, மிரட்டல் கடிதம் வந்தது. குடிலின் கதவுப் பதிவில், வேலை எதுவும் இல்லாத ஒன்பது நாட்களில் ஜியோன் விடியற்காலையில் நுழைந்தது தெரிந்தது. ஏன் போனாய் என்று போலீசார் கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. "படங்கள் குடில் வழியாகத்தான் வந்தனவா?" என்று அதிகாரி என்னைக் கேட்டபோது, சுவரில் மாட்டியிருக்கும் வழி வரைபடத்தை மனதில் வைத்து ஆமாம் என்றேன். முப்பது வருட அனுபவம் என்ற திமிர். அந்த ஒரு சொல்லால் அவரைக் காவலில் வைத்தார்கள்.

அதன் பிறகு நேற்றுக் காலை அவர் மனைவி மெங்கா அலுவலகத்துக்கு வந்து ஒரு துணிப்பையை என் மேசையில் கவிழ்த்தார். உள்ளே காய்ந்த காளான்.

"மாசத்துல முதப் பத்து நாள் காளான் பறிக்கத் தடைக்கா. இந்தக் கிறுக்கு மனுஷன் அப்பத்தான் பறிப்பாரு. உங்க மிஷினுக்குப் பின்னாடி வர்ற சூட்டுல காய வைக்கத்தான் குடிலுக்குப் போனாரு. உத்தியோகம் போயிடும்னு வாயத் தைச்சிக்கிட்டாரு."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா யாரு நம்புவா? நீங்கதான் உங்க மிஷின் பொய் சொல்லாதும்பீங்களே. அதையே கேட்டுப் பாருங்க."

சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நான் அதைக் கேட்கவே இல்லை. வழி தவறி வரும் பாக்கெட்டுகளைத் தடுக்க வேண்டிய கூர்க் கருவியை, டாக்டர்கள் கத்துவார்கள் என்று பயந்து, "குறித்துக்கொள், தடுக்காதே" என்று நான்தான் வைத்திருந்தேன்.

அதன் பிறகு பதிவைத் திறந்தேன். செப்டம்பர் 2 முதல் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பாக்கெட்டுகள். ஐந்து முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் இரண்டே: ஆஸ்பத்திரியினுடையது, கூருடையது. குடிலின் முத்திரை ஒன்றில்கூட இல்லை. வாடகைத் தடத்தில் எங்கள் சாவி கிடையாது, அதனால் நடுவே வெறுமை. குடிலின் முத்திரையை ஜியோன் அழித்திருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். இன்று காலை அவர் கண்ணெதிரிலேயே ஒரு பாக்கெட்டில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றிக் காட்டினேன். அடுத்த முத்திரை பொருந்தாமல் கருவி உடனே காட்டிக்கொடுத்தது. "அடேங்கப்பா!" என்றார் அதிகாரி.

நேற்று நானும் அப்படித்தான் மலைத்துப்போனேன். கேட்க ஆளில்லாத ஐம்பது நாளும், ஒரு குழந்தையின் மண்டையோட்டுப் படத்தின் கடைசித் துண்டு வரைக்கும், நடந்ததைக் கருவி நடந்தபடி எழுதி வைத்திருக்கிறது. தேவாலயத்துக்குப் போகிற வழக்கமில்லாத நான் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். இதைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் நம்ப முடியவில்லை.

முதல் முத்திரையில் பாக்கெட் எந்த வாசல் வழியாக வெளியேறியது என்பதும், அந்த வாசலைத் திறந்த கட்டளை யாருடையது என்பதும் இருக்கும். ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்திலும் ஒரே பெயர். என் பெயர். கேபிள் சரியான பிறகும் வாடகைத் தடத்துக்குப் போகும் அந்த வாசலை நான் மூடவில்லை. படங்களை யாரோ திருடியது அந்த வாடகைத் தடத்தில்தான் இருக்க முடியும். குடிலில் அல்ல.

இது எனக்கு எதிராகவே போகும் என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டதற்குத் தெரியும் என்றேன். காளானுக்கு ஜியோன் அபராதம் கட்டட்டும். மற்றதற்கு அவரை இன்றே விட்டுவிட வேண்டும். மெங்கா வெளியே அவருடைய கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். சொன்னபடியே இருக்கிறது. நடுவில் ஒரு தாளை உருவினால் தெரியும்படி ஒவ்வொரு பக்கத்திலும் வரிசை எண் போட்டு, என் பெயரை எழுதியிருக்கிறேன்.

(ஒப்பம்) உர்சினா டெருங்ஸ்