நூறு வரை வந்தால் போதும்

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். லேப்டாப் பையை மடியில் வைத்திருந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருசமா பஸ் ஓட்டுதவன மறுபடி எட்டு போட்டுக் காட்டச் சொன்னா கோவம் வருமா வராதால?"

"வரும். உன்னைய யாருல எட்டு போடச் சொன்னா?"

"சாப்ட்வேர் வேலை இண்டர்வியூல, ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் நம்பர் வார மாதிரி புரோகிராம் எழுதச் சொல்லுதான். பத்து வருச சர்வீஸ்காரன் எங்கிட்ட! எந்திரிச்சு வந்துட்டேன்."

"சின்ன வேலதான மக்கா, எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்லா?"

"எழுதாமலா? எழுதி, ஓட்டியும் காட்டுனேன்."

"பிறகென்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நூறத் தாண்டியும் நிக்கமாட்டேங்கு. இந்நேரம் கோடியத் தாண்டிருக்கும்."