பாடை போகாத சந்து

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு இருக்கும் அண்ணி கெங்கம்மா அவர்களே, லாரிகளுக்கு நடுவே ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் காலடிப்பேட்டை மக்களே! குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஃப்ளோரன்ஸின் வணக்கம்.

நம் சங்கத் தலைவர், அண்ணன் பக்தவச்சலம் மறைந்தார். ஒரு குறுக்குச் சந்துக்காகவே வாழ்ந்த மனிதர் மறைந்தார்!

அந்தச் சந்து என்ன, ராஜபாட்டையா? எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். ஆனால் அதில் நுழைந்தால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அதையும் தாண்டிச் சுடுகாடு, கல்லறை எல்லாவற்றுக்கும் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். நகரம் மணலி புதுநகரையும் தாண்டி வீங்கியது. புதிதாக முளைத்த ஒவ்வொரு நகருக்கும் ஒரு மதில், ஒரே ஒரு கேட். பக்கத்துத் தெருவுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து திரும்ப வேண்டும். "தெருன்னா ரெண்டு பக்கமும் தொறந்துகினு இருக்கணும். ஒரு பக்கம்தான் தொறந்து கீதுன்னா அது எலிப்பொறி" என்பார் அண்ணன்.

நம் சந்தின் வாயை அடைக்க ஆள் வந்தபோதெல்லாம் அவர் என்ன செய்தார்? மனு கொடுத்தாரா? கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். மேளத்துக்குச் சொல்வார். பாடையைச் சந்து வழியாகவே எடுக்க வைப்பார். பிணம் போகிற வழியை மறிக்க எந்தக் கான்ட்ராக்டருக்குத் துணிச்சல் வரும்? என் மாமியார் சிலுவையம்மாளின் பெட்டி சுவரில் உரசி நின்றபோது, "கொஞ்சம் சாய்ச்சுப் புடி மாமு, அம்மா கோச்சுக்க மாட்டாங்க" என்று தோள் கொடுத்தவர் அவர். அழுதுகொண்டிருந்த நாங்களே சிரித்துவிட்டோம்.

இந்த மழைக்காலத்தில் நம் தெருக்களில் யாரும் சாகவில்லை. சந்தோஷப்பட்டோம். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் வந்த கன்டெய்னர் யார்டின் மதில் சந்தின் குறுக்கே எழும்பிவிட்டது.

போன வாரம் அண்ணனுக்கு நெஞ்சுவலி. அவரை ஏற்றிக்கொண்டு போன நம் தெரு ஹபீபுல்லாவின் ஆட்டோ, மெயின் ரோட்டில் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. "ஆஸ்பத்திரி மாடி தோ தெரியுது நைனா, போறதுக்கு வழி இல்லியே!" என்று அண்ணி கதறினார். ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது.

எத்தனை பேரைத் தோளில் சுமந்தவர்! அவரை வேனில் ஏற்றித்தான் அனுப்பினோம். பின்னால் நடந்த நாம், ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கி ஒதுங்கியே சிதறிப்போனோம்.

தோழர்களே, இந்த இடத்தில் அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் சூளுரைக்க வேண்டும். எதைத் தொடர்வது? மதில் இடியாது. வழக்கு போட்டால் நம் ஆயுசுக்குள் முடியாது. எனக்கு நம்பிக்கை இல்லை, பொய் சொல்ல மனமும் இல்லை.

ஆனால் அண்ணி நேற்று ஒன்று கேட்டார்: "என்னிய வேன்ல ஏத்தாத ஃப்ளோரன்ஸு. அந்தச் செவுத்தாண்ட தூக்கினு போ." அதற்கு மட்டும் உறுதி தருகிறேன். அடுத்த பாடை யாருடையதானாலும், என்னுடையதே ஆனாலும், அந்த மதில் வரை தோளில்தான் போகும். அங்கே இறக்கி வைப்போம். அதற்கு மேல் வழி இல்லை.