மீன் தொட்டிப் பஞ்சு

“வெள்ளிக்கிழமை வந்தா நம்ம வீட்ல ஒரு சாவுங்க. ஒரு வாரம்கூடத் தப்பல” என்றாள் அந்தப் பெண். வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். அவள் மடியில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் இரண்டு தங்கமீன்கள்.

“நான் என்ன குறை வெச்சேன்?” என்றார் கணவர். “வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தொட்டியையும் கழுவுறேன். தண்ணி மொத்தமும் மாத்துறேன். பில்டர் பஞ்சைக்கூட சோப்பு போட்டு அலசுறேன்.”

“ஆமா, மீனுக்கு சீயக்காய் தேய்ச்சு விடறதுதான் பாக்கி. குடிச்ச டம்ளரைக் கழுவாத மனுசனுக்கு மீன்மேல மட்டும் அவ்ளோ சுத்தம். புதுத் தொட்டி, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, பஞ்சுல சோப்பே படக் கூடாதுனு கடைக்காரர் சொன்னாரா இல்லையா?”

“அவருக்கு மீன் செத்தாத்தானே வியாபாரம்?”

“பாப்பா நேத்தும் அழுதுட்டே தூங்குச்சு. இதுங்களும் போச்சுனா அதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.”

“மீன் விக்காத ஒருத்தர் சொல்லட்டும், பஞ்சைத் தொடவே மாட்டேன்.”

நான் வேதியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மீனின் கழிவு நஞ்சான அம்மோனியாவாகும் என்பதும், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியேறும் என்பதும், சோப்பு பட்டால் அவை செத்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் கேட்ட ஆள் நான்தான். குறுக்கே பேசினால் அந்தச் சுவையான சண்டை நின்றுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கும்போது அவர் சொன்னார்: “இந்தத் தடவை நல்ல சோப்பா வாங்கிக்கலாம்.”