ஏழு கட்டங்கள்

எதை எங்கே எழுத வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது, மேடம். கையெழுத்துப் போடும் இடத்தில் விலாசத்தை எழுதுவார்கள். விலாசம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். சொன்னால் சிரிப்பார்கள்.

என் பெயர் ஜெபக்குமார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ரத்ததானக் குழுவுக்கு, ரத்தம் கேட்டு வரும் பதிவுகளைக் கொடையாளர்களுக்கு அனுப்பும் நியூஸ் சர்வர் அமைத்துக் கொடுத்தது நான்தான். அதற்கு முன் எல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தது. ரத்தம் கேட்டு வரும் செய்திக்கு மேலே சாமி படம் இருக்கும், கீழே பிறந்தநாள் வாழ்த்து இருக்கும். என் சர்வரில் ஒரு பதிவு விழுந்தால் அந்த ரத்த வகைக்காரர்களின் போன் மட்டும் ஒலிக்கும். சர்வரின் ஒரு இயந்திரம் என் வீட்டில். இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் குழுவிலுள்ள காளிராஜ் அண்ணாச்சியின் பெயிண்ட் கடையில். ஒன்றில் விழுவது இரண்டு நிமிடத்தில் மற்றதற்குப் போய்விடும். யார் படிக்கலாம், யார் எழுதலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு வரியாக அமைக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது.

அண்ணாச்சி கடையைப் பூட்டும்போது இயந்திரத்தையும் அணைத்துவிடுவார். "ஃபேன் சத்தம் போடுதுப்பா" என்பார். எத்தனை முறை நான் பைக்கில் போய்ப் போட்டுவிட்டு வந்திருப்பேன் என்று தெரியவில்லை. பதிவுப் படிவத்தில் ஏழு கட்டங்கள்தான் இருந்தன. அதை முழுதாக நிரப்பியவர் ஒருவரும் இல்லை. எட்டு முறை சுற்றறிக்கை அனுப்பினேன்.

ஜனவரியில் குழுவின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "ஒரு உசுருக்கு ரத்தம் கேக்க ஏழு கட்டம் நிரப்பணுமாம். நம்ம தம்பி தாலுகா ஆபீஸே நடத்துதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ஷெரினும் சிரித்தாள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. வரிசைப்படி சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வாரம் சர்வர் அமைப்பில் ஒரு வரியை மாற்றினேன். முழுதாக நிரப்பாத பதிவு என் அனுமதிக்காகக் காத்திருக்கும். போட்டவரின் திரையில் மட்டும் "பதிவு ஏற்கப்பட்டது" என்று வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி எதைக் கேட்டார்கள்? அப்படி ஒன்பது பதிவுகள் நின்றன. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, விட்டுப்போனதை நானே நிரப்பி, ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பிவிட்டேன்.

பத்தாவது, பிப்ரவரி பதினேழாம் தேதி காலை பதினொன்று பன்னிரண்டுக்கு, நான் கம்பெனியில் இருந்தபோது என் திரையில் வந்தது. "ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட். என் தங்கச்சி வெங்கடேஸ்வரி. பிரசவம். சீக்கிரம்." போட்டவர் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி, வார்டு, தொடர்பு எண் மூன்றும் காலி. எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் அவரே சொல்லியிருந்தார். ஆனால் கட்டத்தில் அது இல்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார். "தம்பி, போஸ்ட்டு போட்டேன். ஒருத்தரும் கூப்பிடலியே. சர்வரு ஓடுதா?"

"நல்லா ஓடுது அண்ணாச்சி" என்றேன். அது உண்மை.

பன்னிரண்டரைக்கு மறுபடியும் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "இங்க இருந்த ஒரு பாக்கெட்ட ஏத்திட்டாவ. மதுரைல இருந்து வந்துக்கிட்டு இருக்கு. அம்புட்டு நேரம் தாங்காதுங்காவ. செத்த பாருப்பா. நான் எதையும் தப்பா போட்டுட்டனா?"

"ஏழு கட்டமும் நிரப்புனீங்களா?"

"தெரியலயேப்பா" என்றார்.

"நல்லாப் பாத்து நிரப்புங்க" என்றேன்.

இரண்டாவது முறை போட்டார். ஆஸ்பத்திரியின் பெயரை நோயாளியின் வயது கேட்கும் கட்டத்தில் எழுதியிருந்தார். அதுவும் நின்றது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதம்.

இரண்டு ஐந்துக்கு மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். "இனிமே வேண்டாம்பா. போயிட்டா" என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தை.

இரண்டு பத்துக்கு முதல் பதிவுக்கு அனுமதி கொடுத்தேன். தொடர்பு எண் இல்லாததால் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் பதினோரு பேர். தேவதானத்திலிருந்து பாண்டிச்செல்வம் என்பவர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதற்கு முன்பே கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டார். திரும்பிப் போகச் சொன்னேன். சர்வரில் குறை இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் ஒழுங்கா நிரப்பல. நானே எம் தங்கச்சியக் கொன்னுட்டேன்" என்றார். "விடுங்க அண்ணாச்சி" என்று தேற்றினேன். அதன்பிறகு அவர் ஊர் ஊராகப் போய், குழுவில் உள்ளவர்களை உட்காரவைத்து அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதமாக ஒரு பதிவுகூடக் குறையாக வரவில்லை. ஐந்து வாரம் உழைத்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

பாண்டிச்செல்வம் பழைய ராணுவக்காரர். பதினொன்று பன்னிரண்டுக்குப் போட்ட பதிவு தன் போனுக்கு ஏன் இரண்டு பத்துக்கு வந்தது என்று அவர்தான் உங்கள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். சரியான கேள்வி. சர்வரின் பதிவேட்டை நான் அழிக்கவில்லை. அது முறையல்ல.

ஆமாம், மறதி இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடமும் அனுமதி பட்டன் என் முன்னால் இருந்தது. அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் அமுக்காமல் இருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கொடையாளர் பட்டியலில் என் பெயரை நான் சேர்க்கவில்லை, அதனால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. எனக்கும் ஓ நெகட்டிவ்தான். அண்ணாச்சி அன்றைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் சர்வரைப் பற்றித்தான் கேட்டார். என்னிடம் ரத்தம் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் போய்ப் படுத்திருப்பேன், மேடம். நான் ஒன்றும் இரக்கம் இல்லாதவன் அல்ல.