கைப்பிடியை விடாதே

— முதலாளி, நிறுத்திடவா? குளத்துல பர்ட் முங்கி எந்திரிக்கிற விதம் சரியில்ல.

— சுத்துடா ஆர்லோ! நான் 'போதும்'னு சொல்றதுக்கு முன்னாடி காமிராக் கைப்பிடியை விட்டே, நாளைக்கு ஸ்டுடியோ வாசப்படி மிதிக்க மாட்டே. இந்தப் பூங்காவுல படமெடுக்க நமக்கு அனுமதி கிடையாது. ரோந்துப் போலீஸ்காரன் வர்றதுக்குள்ள முடிச்சாகணும்.

— தண்ணி குடிக்கிறான், முதலாளி.

— குடிக்கட்டும். போலீஸ் வேஷம் போட்டவன் தண்ணி குடிச்சாத்தான் ஜனம் சிரிக்கும். கரையில பாரு, நம்ம ஆளுங்களே வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருள்றாங்க.

— ஏதோ கத்துறானே...

— கத்தினா என்ன? படத்துல சத்தமா கேக்கப் போகுது? வாயசைஞ்சாப் போதும்.

— அவன் எப்பவும் காமிராவைப் பாத்து முழியைப் பிதுக்கிட்டுத்தான் முங்குவான். இன்னிக்கு இந்தப் பக்கமே திரும்பல.

— இத்தனை படத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் அந்தக் கழுதைக்கு நடிப்பு வந்திருக்கு, கெடுக்காதே. நம்ம கதாநாயகி நெட்டி படகுலருந்து விழுந்து 'காப்பாத்துங்க'ன்னு அலறினதும், புதருக்குள்ளருந்து என்னமாப் பாய்ஞ்சு வந்தான்!

— நெட்டி நீந்திக் கரையேறிட்டா. இவன்தான் அங்கயே கிடக்கான். கால் பாசியில சிக்கிருச்சு போல. எப்பவும் ரெண்டு முங்குல ஒட்டு மீசை கழண்டு மிதக்கும். இன்னும் அப்படியே இருக்கு, பாருங்க.

— நல்ல பசை வாங்கியிருப்பாங்க. மெதுவாச் சுத்து, அப்பத்தான் திரையில வேகமாத் துள்ளுவான்.

— துள்ளலே அடங்கிப் போச்சு முதலாளி! கை மட்டுந்தான் தெரியுது!

— அட, அதைத்தான்டா கேட்டேன்! விடாதே, சுத்து!

— வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்களே சுத்துங்க. ஏய், அந்தப் படகுக் கயிறை எடுத்துப் போடுங்கய்யா! சிரிக்காதீங்க, பாவிங்களா, நிஜமாவே சாகுறான்!

— போ, போய்த் தொலை! நானே சுத்திக்கிறேன்.

— பர்ட்! இந்தா கயிறு! பிடிடா! பர்ட், உன்னத்தான்டா, பிடி!

— இதோ வந்துட்டேன் ஆர்லோ, ஏன் தொண்டை கிழியக் கத்துறே? டிராம் பாதி வழியிலயே நின்னுருச்சு, இந்தப் போலீஸ் உடுப்போட ஓடியே வர்றேன். முதலாளி, கோவிச்சுக்காதீங்க... நான் எங்கருந்து குதிக்கணும்?