ஆவாரங்குளத்துக் கரைவழி

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. மார்கழிப் பனி விலகிவிட்டது. வெயில் இன்னும் உறைக்கவில்லை. மழைக்கு அறிகுறி இல்லை. இவற்றை உங்கள் உதவியாளர் எழுதிக்கொள்ளட்டும். நாளும் பொழுதும் குறிக்கப்படாத வாக்குமூலத்தை நான் மதிப்பதில்லை.

சங்கரன்கோவிலில் காலை எட்டேகாலுக்கு மேல் கார் எடுப்பவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், அல்லது வேலையற்றவனாக இருக்க வேண்டும். நான் இரண்டும் அல்லன். என் பெயர் ஆறுமுகச்சாமி. ராஜபாளையத்துக்கு அருகே ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவின் மேலாளர். பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு காலையைத் தவிர, தாமதமாகப் போனவன் அல்லன். அந்த ஒரு காலையைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

கோட்டாட்சியர் அம்மா, இன்று நீங்கள் ஒரு முடிவில் கையெழுத்திடப் போகிறீர்கள். அதன் வரைவை வெளியே பலகையில் ஒட்டியிருந்தார்கள், படித்தேன். ஆவாரங்குளத்துக் கரைவழியை நிரந்தரமாக மூடுவது ஒன்று. மாரிசெல்வியின் சாவுக்கு மடைக்காரர் இசக்கிப்பாண்டியின் கவனக்குறைவே காரணம் என்று கொண்டு, அவர்மேல் வழக்குத் தொடரப் பரிந்துரைப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையின்மேல் நிற்கின்றன. அந்தப் பிழையைத் திருத்த வந்தேன். வருந்த வரவில்லை. திருத்துவதும் வருந்துவதும் வேறு வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த நேரத்து நெரிசல் உங்களுக்கும் தெரியும். பூச்சந்தையிலிருந்து கூடைகளோடு திரும்பும் ஆட்டோக்கள், பள்ளிக்கூட வேன்கள், பேருந்து நிலையத்திலிருந்து பின்பக்கமாகவே சாலைக்கு வரும் பேருந்துகள், நடுவில் நின்று நலம் விசாரித்துக்கொள்ளும் இரு சக்கர வண்டிக்காரர்கள். யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை. வழிவிட்டவனை முட்டாள் என்று பார்ப்பார்கள். ஒரு கோடை முழுவதும் நான் மாற்றுவழி தேடினேன். விடுமுறை நாள்களில் தெருத்தெருவாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு தெரு கோழிக்கூண்டில் முடிந்தது. இன்னொன்று ஒருவர் வீட்டு முற்றத்தில் முடிந்தது. அவர் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். கடைசியில் செங்கல் சூளைக்கு மேற்கே பிரியும் சரளைத் தடம் ஒன்றைப் பிடித்தேன். அது ஆவாரங்குளத்தின் கரைமேல் ஏறி, மறுகாலைக் கடந்து, கரிவலம்வந்தநல்லூருக்கு முன்னால் பெரிய சாலையைத் தொட்டது. மறுகால் என்பது குளம் நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம். அதன் குறுக்கே தண்ணீர் மேலேறி ஓடும்படி தாழ்வாகக் கட்டிய தாம்போதி ஒன்று உண்டு. மற்றபடி எதிரே வரும் வண்டி இல்லை, ஒலிப்பான் சத்தம் இல்லை, கொக்குகள் மட்டும். அந்த வழியை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்வது மிகையாகாது.

கரையின் தொடக்கத்தில் கம்பும் முள்ளும் வைத்துக் கட்டிய படல் ஒன்று இருந்தது. முதல் நாள் அதைத் திறந்தபோதே இசக்கிப்பாண்டி வாய்க்காலிலிருந்து ஏறி வந்தார். மண்வெட்டி தோளில், வெற்றிலை வாயில்.

"தாராளமாப் போங்க அண்ணாச்சி. தெறந்தவன் அடைக்கணும், அம்புட்டுதான் இங்கன சட்டம். ஆடு வயல்ல எறங்கிட்டுன்னா சம்சாரிமாரு ஏங்கிட்டதான் மல்லுக்கு வருவாவ."

"மழைக்காலத்தில்?" என்று கேட்டேன்.

"படல்ல உடைமுள்ளு சொருகியிருந்தா தாம்போதியில தண்ணி ஓடுதுன்னு அர்த்தம். கலெக்டரே வந்தாலும் திரும்பிர வேண்டியதுதான்."

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. பலகை இல்லை, எழுத்து இல்லை, அபராதம் இல்லை, ஒரு முள். அது தவறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் நாள்தோறும் காரை நிறுத்தி, இறங்கி, திறந்து, கடந்து, மீண்டும் இறங்கி அடைத்தேன். காலணியில் சேறு படும். அதைத் துடைக்க ஒரு துணி வைத்துக்கொண்டேன்.

என் குற்றம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பாண்டியராஜனிடம் அந்த வழியைச் சொன்ன இடத்தில்தான். எங்கள் ஆலையில் கொள்முதல் பார்க்கிறார், இந்த ஊர்க்காரர்தான். "எப்படி அண்ணாச்சி நீங்க மட்டும் வேர்க்காம விறுவிறுக்காம வாரிய?" என்று கேட்டார். பாராட்டுக்கு இணங்கினேன். மறுநாளே அவர் அந்த வழியைக் காணொளியாக எடுத்து, தினமும் ராஜபாளையம் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பொங்கலுக்குப் பஸ் பிடிப்பதுபோல் ஆள்கள் வந்தார்கள். முதலில் பைக்குகள், பிறகு கார்கள், பிறகு சரக்கு ஆட்டோக்கள். படலை யாரும் அடைக்கவில்லை. ஆடுகள் வயலில் இறங்கின. இசக்கிப்பாண்டி திட்டு வாங்கினார். நான் கடந்த பின் இறங்கி அடைக்கும்போது, எனக்குப் பின்னால் ஒரு வரிசை நின்று ஒலியெழுப்பியது.

அந்த வரிசையில் ஒருநாள் பாண்டியராஜன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார். "ஏலே, ஆரன் அடிக்காதிய. அண்ணாச்சி நடை சாத்துதாரு. தீவாரணை முடிஞ்சதும் நம்மள விடுவாரு." எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன், "இவுக கண்டுபிடிச்ச ரோடுல்லா. கல்வெட்டு ஒண்ணு வச்சிருவோமா?" என்றான்.

அந்தக் கேலியால்தான் செய்தேன் என்று எழுத வேண்டாம். அது என்னைச் சிறுமைப்படுத்தும், உண்மையும் அன்று. ஒழுங்கு தெரியாதவர்களுக்கு ஒழுங்கான வழி தகாது என்பதே என் நிலைப்பாடு. இன்றும் அதுதான்.

ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. மாரிசெல்வி. கரிவலத்தில் மருந்துக்கடையில் வேலை, ஸ்கூட்டரில் போவாள். எந்த மழையிலும் இறங்கி அடைத்துவிட்டுத்தான் போவாள். எங்களுக்குள் அதிகப் பேச்சில்லை. ஆனால் அந்தக் கரையில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான் என்று சொல்லலாம்.

நவம்பர் இருபது, புதன்கிழமை. இரவெல்லாம் மழை. வழக்கம்போல் மற்றவர்களுக்கு முன்னால் போனேன். படலில் முள் இருந்தது. இந்தச் சொற்றொடரை உங்கள் உதவியாளர் அடிக்கோடிட வேண்டும். படலில் முள் இருந்தது. பச்சை மாறாத உடைமுள். கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தார். குடித்தவன் கட்டிய கட்டு அன்று. இசக்கிப்பாண்டியின் மனைவி அன்னக்கிளி சென்ற வாரம் இதே இடத்தில் நின்று என்ன சொன்னார்? "எம் புருசன் குடிப்பாரு. இல்லங்கல. ஆனா முள்ளு சொருகாம குடிக்க மாட்டாரு." அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது முழு உண்மை. அந்த அறையில் அதை அறிந்திருந்த இன்னோர் ஆள் நான், நானும் வந்திருந்தேன்.

குடையை விரித்துக்கொண்டு கரைமேல் நடந்துபோய்ப் பார்த்தேன். மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. தாம்போதியின் ஒரு பக்கம் அரித்துப்போய்விட்டது. ஆனால் மேலே ஓடும் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று தோற்றம் தந்தது. கரை வளைவதால், அருகே வரும்வரை அது கண்ணில் படாது. இவ்வளவையும் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தேன். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாட இடமில்லை.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு முள்ளை அவிழ்த்தேன். கயிற்றோடு வாய்க்காலில் போட்டேன். படலைத் திறந்து, அந்தக் கூட்டம் வழக்கமாகச் சாய்த்துவைக்கும் பக்கத்திலேயே சாய்த்துவைத்தேன்.

என் கணக்கு எளிது. பாண்டியராஜனோ அவரைப் போன்ற ஒருவரோ தண்ணீரில் மாட்டுவார். அதையும் காணொளி எடுப்பார்கள். குழுவில் போடுவார்கள். வந்த வேகத்தில் கூட்டம் கலைந்துவிடும். ஒரு வண்டி நனைவதற்கு மேல் நான் விரும்பவில்லை. அதற்குமேல் நடக்கக்கூடும் என்று அறிந்திருந்தேனா என்று கேட்டால், அறிந்திருந்தேன். விரும்புவது வேறு, அறிவது வேறு.

காரைப் பின்னெடுத்துச் சூளை முக்கில் திரும்பும்போது மாரிசெல்வி எதிரே வந்தாள். மழைக்கோட்டு, ஸ்கூட்டர் கொக்கியில் சாப்பாட்டுப் பை. வண்டியை நிறுத்திக் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, திரும்பி வாரிய? முள்ளு கெடக்கா?"

"முள்ளு இல்லம்மா," என்றேன். "கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேன். எடுக்கப் போறேன்."

"சரி அண்ணாச்சி. பாத்துப் போங்க, ரோட்டுல ஒரே சகதி."

முதல் கூற்று உண்மை. அந்த நேரத்தில் முள் இல்லை. இரண்டாவது பொய். அந்தப் பொய்யை ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால், முள்ளை எடுத்தவன் யார் என்பது மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்திருக்கும், செய்ததெல்லாம் வீணாகியிருக்கும். மேலும், அவளுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று நான் பார்ப்பதில்லை.

பிறகு பெரிய சாலை வழியாகப் போனேன். இரண்டு பள்ளிக்கூட வேன்களுக்கு நடுவில் நெடுநேரம் நின்றேன். அன்று ஆலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். நானும் ஒன்றை இழந்தேன் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது வரைவிலுள்ள பிழைக்கு வருகிறேன். பாண்டியராஜன் உங்களிடம் என்ன சொன்னார்? தாம் போனபோது படல் அடைத்திருந்தது, முள் இல்லை, மழையில் யார் இறங்கித் திறப்பது என்று திரும்பிவிட்டதாகச் சொன்னார். அதிலிருந்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள்: இசக்கிப்பாண்டி படலை அடைத்துவிட்டு, முள்ளை வைக்க மறந்துவிட்டார். இல்லை அம்மா. படலை அடைத்தவள் மாரிசெல்வி.

உள்ளே போனவள் வண்டியை நிறுத்தி, மழையில் இறங்கி, திறந்து கிடந்த படலை அடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. திறந்தவன் அடைக்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி. திறக்காதவள் அடைக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அவள் அடைத்ததனால் பின்னால் வந்த அத்தனை பேரும் திரும்பிப் போனார்கள். அவள் ஒருத்திதான் தாம்போதிக்குப் போனாள். பாடம் யாருக்கென்று நினைத்தேனோ, அவர் நனையாமல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் இன்றும் ஒலியெழுப்பிக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் மாரிசெல்வியின் கணவர் மகாராஜன். சற்று முன் எழுந்து நின்று, ஒன்று கேட்கலாமா என்று உங்களிடம் அனுமதி வாங்கினார். நீங்கள் தலையசைத்தீர்கள். அவர் என்னிடம் கேட்டது இது:

"அன்னைக்கு ஒங்க கண்ணாடி எங்க இருந்துச்சு வே?"

சட்டைப்பையில் இருந்தது என்றேன். கேட்டதற்கு விடை சொல்வது என் வழக்கம். அவர் உட்கார்ந்துகொண்டார். என்னைவிட வயதில் இளையவர் 'வே' என்று அழைத்தது முறையன்று. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஏன் இத்தனை நாள் பேசாமலிருந்தேன், ஏன் இன்று பேசுகிறேன் என்று கேட்டீர்கள். அன்றைக்குப் பிறகு கரைவழியில் யாரும் வரவில்லை. தண்ணீர் வடிந்து, தாம்போதியைச் செப்பனிட்ட பின், நான் ஒருவன் மட்டும் போய்வந்தேன். படலைத் திறந்தேன், அடைத்தேன். இசக்கிப்பாண்டியைக் காவலில் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும். அப்போது பேச வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை கரையின் வாயிலில் கற்களை இறக்கி, சுவர் எழுப்ப நூல் பிடித்தார்கள். பலகையில் வரைவு வந்தது. வழி ஆபத்தானது, காவலுக்கு நம்பத்தகுந்த ஏற்பாடு இல்லை, ஆகவே மூடப்படும் என்று அதில் இருந்தது. அதைப் பொறுக்க முடியவில்லை. அந்த ஏற்பாட்டில் குறையே இல்லை. முள் அதன் வேலையைச் செய்தது. இசக்கிப்பாண்டி தம் வேலையைச் செய்தார். நான் எடுத்ததனால்தான் அது இல்லை. காரணம் நான் என்றால், வழி குற்றமற்றது. குற்றமற்ற வழியை மூட உங்களுக்கு அதிகாரம் இருக்கலாம், நியாயம் இல்லை.

ஆம், நான்தான் செய்தேன். தெளிந்த மனத்தோடு, கண்ணால் பார்த்து, கையால் எடுத்தேன். மாரிசெல்வி போகிறாள் என்று தெரிந்தே போகவிட்டேன். இதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

நீங்கள் உள்ளறைக்குப் போய் நெடுநேரம் கழித்து வந்தீர்கள். அதற்குள் வெளியே அன்னக்கிளியின் அழுகைச் சத்தம் கேட்டது. யாரோ அவருக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். இரண்டு காவலர்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நீங்கள் கையெழுத்தின் மை உலராத முடிவை என்னிடம் நீட்டினீர்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். இசக்கிப்பாண்டி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படுகிறார்: சரி. என்மேல் கொலை வழக்குப் பதியக் காவல்துறைக்கு அனுப்பப்படுகிறது: அதையும் மறுக்கவில்லை. ஆவாரங்குளத்துக் கரைவழி நிரந்தரமாக மூடப்படுகிறது என்று நடுவில் ஒரு பத்தி இருக்கிறது அம்மா. மேல்முறையீடு செய்யப்போவது அந்தப் பத்தி ஒன்றின்மேல்தான்.