சனிக்கிழமை மிரட்டல்

ஹலோ... ஆமா, நான்தான். வேற யார் எடுப்பா இந்த வீட்டுல?... போன் சோபாமேலதான் இருந்துச்சு. சோபாவைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஆறு தரம் அடிச்சுடுச்சு...

சரி சரி, சனிக்கிழமை பத்து மணி, நீ தவறவே மாட்டே. ஆரம்பி அக்கா. மிரட்டு... ம்... ம்... "இன்னிக்கு வரேன்"... ஆமா, ஆமா... அய்யோ, பயமே வரலையே! ரெண்டு வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வரேன்னு சொல்றே, நான் அடிச்சுப் புடிச்சுப் பெருக்குறேன், நீ வர்றதில்ல... தெரியும், ஏற்பாடே அதுதான். நான்தான் கெஞ்சினேன். "யாராவது வராங்கன்னாதான் விளக்குமாத்துப் பக்கம் என் கை போகும், நீ வாராவாரம் சும்மா மிரட்டு, ஆனா வந்துடாதே"ன்னு. முதல் மாசம் என்னமா வேலை செஞ்சுது! ஜன்னல் கம்பியைக்கூடத் துடைச்சேன். இப்ப உடம்பு பழகிடுச்சு. டோஸை ஏத்தணும்...

போன வாரமா? "உன் கடை முதலாளியையும் கூட்டிட்டு வரேன்"னு சொன்னே பாரு, அது கொஞ்சம் கேட்டுச்சு. பாதி மேஜை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் எடுத்து வெச்சேன். அப்புறம் அந்தப் பாதி மேஜையைப் பாத்து எனக்கே பெருமை தாங்கல, உக்காந்து டீ குடிச்சேன். டீ குடிச்ச கப் இன்னும் அங்கேயேதான் இருக்கு... சிரிக்காதே... என்னது, சிரிக்கலையா? சரி.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதே. புதன்கிழமை எனக்கு நானே மருந்து எழுதிக்கிட்டேன். நிஜமாத்தான்! எங்க கடையில மாத்திரைக் கவர் மேல ஒட்டுவோமே, அந்தச் சீட்டுல. "அலமாரித் தட்டு: காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பின்." அடுப்பு மேடைக்கு மூணு வேளை. பாத்ரூமுக்கு வாரம் ஒரு தடவை, பக்கத்துல "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்"னு வேற... ஒரு வேளைதான் எடுத்தேன். அதுக்குள்ள கொஞ்சம் பரவாயில்லன்னு தோணிச்சு, நிறுத்திட்டேன். "சரியாயிடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்கம்மா"ன்னு கவுண்டர்ல நின்னு வாய் கிழியச் சொல்றவ நான்.

கடையில என் கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த மருந்தையும் எடுத்துக் குடுப்பேன். நேத்து தலைவலிக்கு வீட்டுல ஒரு மாத்திரை தேடி, தேடினதுலயே தலைவலி ஜாஸ்தியாகி, பக்கத்து வீட்டுல போய்க் கேட்டேன். மருந்துக்கடைக்காரி மாத்திரை கேட்டு வாசல்ல நிக்கறா! அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க...

ம்?... ஆமா ஆமா, அந்த மூட்டையும் இருக்கு. யாருக்காவது குடுக்கலாம்னு பழைய துணியெல்லாம் கட்டி வெச்சேனே, அதேதான். வெளியே போகும்போது எடுத்துட்டுப் போகலாம்னு வாசக்கதவுக்குப் பின்னாடி வெச்சேன். எட்டு மாசமாச்சு. இப்ப கதவு பாதிதான் திறக்குது. பக்கவாட்டுல திரும்பி வெளியே போறேன், பக்கவாட்டுல உள்ளே வரேன். பழகிடுச்சு...

அக்கா, நீ என்ன இன்னிக்கு வெறும் உம் கொட்டிக்கிட்டு இருக்கே? மிரட்ட வேணாமா?... "பஸ்ஸுல இருக்கேன்"... ஆ, இது புதுசு! பின்னாடி ஹாரன் சத்தம்கூடக் கேக்குது, எப்படிப் பண்றே?... பையோட வரியா? சபாஷ். எத்தனை நாள் தங்கப் போறே?... தெரியலையா! அய்யோ, இந்த டோஸ் கேக்குது அக்கா. இதோ எந்திரிச்சுட்டேன், விளக்குமாறைத் தேடறேன். சொல்லு சொல்லு, நிறுத்தாதே...

என்ன, மூக்கை உறிஞ்சறே? அழற மாதிரியா? அது வேணாம் அக்கா, அது ஓவர் டோஸ்...

அக்கா?...

நடிக்கலையா?...

ம்... ம்... பொண்ணை ஹாஸ்டல்ல விட்டது திங்கக்கிழமையேவா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!... விடப் போறேன்னு போன சனிக்கிழமையே சொல்ல வந்தியா?... ஆமா. நான் எங்கே சொல்ல விட்டேன். அரை மணி நேரம் என் மேஜைக் குப்பையைப் பத்தியே பேசினேன்... அத்தான் கப்பல்லேருந்து வர இன்னும் ஏழு மாசமா... ம்... சரியாக் கேக்கல, மெதுவாச் சொல்லு... திங்கக்கிழமை மடிச்சு வெச்ச துண்டு மடிச்சபடியே... ம்... கூட்டினா குப்பையே வரலையா?...

அழாதே. பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்க... பாக்கட்டும், நீ அழு...

இறங்கிட்டியா? எங்கே நிக்கறே?... எதிர்ப்பக்க ஸ்டாப்புலயா? அங்கே எதுக்கு நிக்கறே?... திரும்பிப் போறதா! எதுக்கு?... நான் கோச்சுக்கறதா? நான் எதுக்கு அக்கா... "வந்துடாதே"ன்னு... ஆமா, சொன்னேன்தான். வாராவாரம் சொன்னேன். நூறு தடவை இருக்குமா?... எண்ணியிருக்கியா நீ?... அது விளையாட்டுக்கு அக்கா! இந்த வீடு இருக்கற லட்சணத்துக்குச் சொன்னது, உனக்குச் சொன்னதில்ல. போனை வைக்கறப்பல்லாம் கடைசி வார்த்தையா உங்கிட்ட அதைத்தான் சொல்லியிருக்கேன், அதுவும் சிரிச்சுக்கிட்டே. எனக்கு அறிவே கிடையாது... இல்ல, நீ சமாதானம் சொல்லாதே. எனக்கு வெக்கமா இருக்கு.

ரோட்டைத் தாண்டு. பஸ் வந்தாலும் ஏறாதே, ஏறினே, கொன்னுடுவேன்... தாண்டிட்டியா? நேரா வா, ரெண்டாவது கட்டடம், மூணாவது மாடி. பாரு, கூடப் பொறந்தவளுக்கு வீட்டுக்கு வழி சொல்லிட்டு இருக்கேன்...

சுத்தமா? எங்கேருந்து! நீ படுக்க ஒரு இடம் பண்றேன், அதுக்கே கட்டில் மேல என்னென்ன இருக்குன்னு நீ... என்னது, நீ ஒழிச்சுத் தரியா? குப்பைக்கு ஆசைப்பட்டு யாராவது பஸ் ஏறுவாங்களா அக்கா?... சிரிச்சுட்டே பாரு! அப்பாடா.

இரு, ஜன்னல்ல எட்டிப் பாக்கறேன்... இந்தப் பெட்டியை நகர்த்தினா... ஆ! தெரியுது, தெரியுது. மேலே பாரு. கையை ஆட்டறேன் பாரு... இளைச்சுப் போயிட்டியே... லிப்ட் ஓடாது, படியில வா. மெதுவா...

வந்துட்டியா? பெல்லை அடிக்க வேணாம், நான் கதவுகிட்டதான் நிக்கறேன். இந்த மூட்டை நகர மாட்டேங்குது... நீ தள்ளாதே, தள்ளாதே. முதல்ல பையைக் குடு... ம். இப்ப பக்கவாட்டுல திரும்பு. போனைக் காதுலேருந்து எடு அக்கா, இடிக்குது. கையைக் குடு... வா, அப்படியே உள்ளே வந்துடு. வந்துடு.